மாதர் சங்கத் தேசிய ஆண்டுப் பொதுக்கூட்டம், கொழும்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடெங்கும் கிளைகள் உள்ள ஒரு மாதர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கொழும்பில் கூடும்போது கிளைச் செயலாளர்களும் கிளைகள் தெரிந்து அனுப்பும் பேராளர்களும் ஏற்பாட்டுக் குழுவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உங்கள் யாப்பில், அதாவது சங்கத்தின் அமைப்பு விதிகளில், வேறு மாதிரி இருந்தால் யாப்பில் உள்ளதே செல்லும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அன்றைக்குக் கட்டாயம் நடந்தாகவேண்டியவை எவை?

சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்தல், அதிலிருந்து எழும் விடயங்கள், செயலாளர் அறிக்கை, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, அடுத்த ஆண்டுக்கான கணக்காய்வாளர் நியமனம், நிர்வாகத் தெரிவு, யாப்புத் திருத்தம் இருந்தால் அது, தீர்மானமாக்கும்படி கிளைகள் சபைமுன் வைக்கும் பிரேரணைகள். இவ்வளவுதான். மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, மலர் வெளியீடு எல்லாம் இருக்கட்டும். அவை ஒன்றும் இல்லாவிட்டாலும் கூட்டம் செல்லும். மேலே சொன்னவற்றில் ஒன்று விடுபட்டால் அது பெரும்பாலும் வங்கியில்தான் வெளிக்கும். கையெழுத்து மாற்றப் போனால், புதிய பொருளாளரைத் தெரிவு செய்த கூட்டக் குறிப்பின் பிரதியை அங்கே கேட்பார்கள்.

காலை 9.00 முதல் மாலை 3.30 வரை என்று வைத்தால், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலமும் தேநீருக்கு அரை மணித்தியாலமும் போக 5 மணித்தியாலம் மிஞ்சும். அதில் பிரேரணைகளுக்கு 2 மணித்தியாலமாவது இல்லாத நிகழ்ச்சி நிரலைச் செயற்குழு ஏற்கக்கூடாது. இரவு முழுக்க பஸ்ஸில் வந்த பேராளர் கேட்க வந்தது அதைத்தான்.

எங்கள் சங்கத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்திருந்தால் கூட்ட விதிகளுக்கு உங்கள் யாப்புத்தான் ஆதாரம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருந்தால் அறிவித்தல் காலம், பதிலாள் (வராதவருக்காக வாக்களிப்பவர்) நியமனம் போன்றவற்றைச் சட்டத்திலும் பார்க்கவேண்டும். பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சங்கமென்றால் அந்தச் சட்டத்தின் பிரதியைச் செயலாளர் கையோடு கொண்டுவருவது நல்லது.

கிளைக்கு எத்தனை பேராளர்? அது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

குறித்த ஒரு திகதியில் சந்தா கட்டி முடித்த அங்கத்தவர் எத்தனை பேர் என்பதை வைத்து. உதாரணமாக 30 பேர் வரை ஒரு பேராளர், அதற்கு மேல் ஒவ்வொரு 30 பேருக்கும் இன்னொருவர் என்று யாப்பில் இருக்கும். தகராறு வருவது இந்த விகிதத்தால் அல்ல, பட்டியலால்.

வழக்கமாக நடப்பது இதுதான்: கிளைப் பொருளாளர் 66 பேரின் சந்தாவை ஒரே தொகையாக வங்கியில் போடுகிறார். வைப்புச் சீட்டில் தன் பெயரை எழுதுகிறார். கிளையின் பெயர் இல்லை. தலைமைக் காரியாலயத்தில் காசு வந்தது தெரியும், யாருடைய காசு என்று தெரியாது. கூட்டத்தன்று காலை 8 மணிக்குப் பதிவு மேசையில் "அக்கா, உங்கட கிளைக்கு ஒரு அட்டைதான் இருக்கு" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. சீட்டில் கிளைப் பெயரை எழுதி, அதைப் படம் எடுத்து, பெயர்ப் பட்டியலோடு அன்றைக்கே அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பட்டியலில் அடையாள அட்டை இலக்கம் கேட்கும் சங்கங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பெண்களின் இலக்கத்தில், பிறந்த நாளைக் காட்டும் மூன்று இலக்கங்களோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே பழைய அட்டையில் 3 முதல் 5 வரையான இடங்களிலும், 12 இலக்கப் புதிய அட்டையில் 5 முதல் 7 வரையான இடங்களிலும் 501க்கும் 866க்கும் இடைப்பட்ட எண்தான் வரவேண்டும். வேறு எண் இருந்தால் பிரதி பண்ணும்போது பிழைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள்.

பேராளரும் பார்வையாளரும் ஒன்றா?

இல்லை. பேராளருக்கு வாக்கு உண்டு. பார்வையாளருக்கு இல்லை, தலைவி அனுமதித்தால் பேசலாம். இருவரையும் கலந்து இருத்தினால் வாக்கெண்ணுவது சிரமம். பேராளர்கள் முன்பகுதியில், பார்வையாளர் பின்னால் அல்லது மாடியில். பேராளருக்கு வர முடியாமல் போனால் மாற்றுப் பேராளரின் பெயரைக் கிளையின் கடிதத் தலைப்பில், தலைவியும் செயலாளரும் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். தொலைபேசியில் சொன்னது போதாது.

அறிவித்தல் எத்தனை நாளுக்கு முன் வரவேண்டும்?

14 நாள், 21 நாள் என்று யாப்புக்கு யாப்பு மாறும். எண்ணும்போது அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு எண்ணுங்கள். அப்படி எண்ணினால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அறிவித்தலோடு நிகழ்ச்சி நிரல், பிரேரணைகளின் முழு வாசகம், யாப்புத் திருத்தமென்றால் பழைய வாசகமும் புதிய வாசகமும், கணக்கறிக்கை, வேட்புமனுப் படிவம் எல்லாம் போகவேண்டும். சிங்களப் பிரதி இன்று, தமிழ்ப் பிரதி மொழிபெயர்ப்பு முடிந்ததும் என்று இரண்டு தவணையாக அனுப்புவது பெரிய பிழை. தமிழ்க் கிளைக்கு 21 நாள் 9 நாளாகச் சுருங்கிவிடும்; அந்தக் கிளை எழும்பி ஆட்சேபித்தால் தலைவியிடம் பதில் இராது. இரண்டும் ஒரே நாளில் போகட்டும்.

பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், பிரேரணை கேட்டுக் கிளைகளுக்குக் கடிதம் போகவேண்டியது கூட்டத்துக்குக் குறைந்தது 5 மாதம் முன்னர். கிளைக் கூட்டம் மாதத்தில் ஒன்றுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, இறுதிப் பட்டியலைப் பார்த்துப் பேராளருக்குச் சொல்லிவிடுவதற்கு ஒன்று என்று மூன்று கிளைக் கூட்டமாவது இடையில் வேண்டும்.

எந்த நாளில் வைப்பது?

எல்லாருக்கும் பொருந்தும் நாள் இலங்கையில் கிடையாது. போயா விடுமுறைதானே என்று வைத்தால் பௌத்த உறுப்பினர்கள் சில் எடுக்கும் நாள். வெள்ளிக்கிழமை சைவப் பெண்கள் பலருக்கு விரதம், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜும்ஆ. ஞாயிறு காலை தேவாலயம். சனிக்கிழமை வைத்தால் தோட்டத்துப் பேராளருக்கு ஒரு நாட்சம்பளம் போய்விடும்.

நமது தெரிவு சனிக்கிழமைதான், ஒரு நிபந்தனையோடு: நாட்சம்பளத்துக்குப் போகும் பேராளருக்கு அந்தச் சம்பளத்தை மத்திய நிதி கொடுக்கவேண்டும். கேட்டால் கொடுப்போம் என்று வைத்திருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பயணச் செலவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி போடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை நோன்பு மாதம், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள், கொழும்பு ஆடிவேல், க.பொ.த. பரீட்சைகள் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை கொழும்பு வீதிகளை அடைத்துவிடும். அதற்குப் பின் வடகீழ்ப் பருவமழையில் வடக்குக் கிழக்கிலிருந்து புறப்படுவதே நிச்சயமில்லை. மிஞ்சுவது, நோன்போ பரீட்சையோ அங்கே விழாத ஆண்டென்றால் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும், ஜூனில் சில வாரங்களும், செப்டெம்பரும். மார்ச் 8 மகளிர் தினத்தை ஒட்டி மண்டபங்களுக்கு இழுபறி. நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால் போன வருடம் சரியாக இருந்த திகதி இந்த வருடம் சரியாக இராது.

மண்டபம் எப்படித் தெரிவு செய்வது?

பௌத்தாலோக மாவத்தையில் 1973 இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் பல நூறு பேருக்கும் மொழிபெயர்ப்பு வசதிக்கும் ஏற்றது, வாடகையும் அதற்கேற்றதுதான். 200, 300 பேர் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்கள் போதும். யாழ்ப்பாண பஸ்கள் அதிகாலையில் வெள்ளவத்தையில்தான் இறக்குகின்றன, காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களுக்குக் குறைவில்லை, ரயில் தரிப்பிடமும் கிட்ட.

கதிரை எத்தனை என்று எல்லாரும் கேட்பார்கள். கழிவறை எத்தனை என்று கேட்பவர் குறைவு. 300 பெண்கள், 20 நிமிடத் தேநீர் இடைவேளை, ஒருவருக்கு 3 நிமிடம். ஒரு கழிவறையை அந்த நேரத்துக்குள் 6 அல்லது 7 பேர்தான் பாவிக்க முடியும். மண்டபத்தில் 8 இருந்தால் 50 பேரளவில். மற்ற 250 பேரும் வரிசையில் நிற்கும்போது உள்ளே பிரேரணை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் பகுதியையும் அன்றைக்குப் பெண்களுக்கென்று எழுதி ஒட்டுங்கள். தேநீரைப் பாதி மண்டபத்துக்கு 10.15க்கும் மற்றப் பாதிக்கு 10.35க்கும் கொடுங்கள், வரிசை முடிந்ததென்று வாசலில் நிற்பவர் சொல்லும்வரை வாக்கெடுப்பு வேண்டாம்.

மேடைக்குச் சாய்தளம் உண்டா, மின்தூக்கி வேலை செய்கிறதா, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்கும் வருமா அல்லது விளக்குக்கு மட்டும்தானா என்பதை முற்பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பாருங்கள். தொழுகைக்கும் குழந்தைக்குப் பாலூட்டவும் வெவ்வேறு அறை வேண்டும். இரண்டுக்கும் ஒரே அறையைக் காட்டிவிடுகிற வழக்கம் உண்டு.

தூரத்திலிருந்து வருபவர்கள் எங்கே தங்குவது, எப்போது திரும்புவது?

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார்ப் பேராளர்கள் முதல்நாள் இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ புறப்பட்டு விடியுமுன் வந்து சேர்வார்கள். மண்டபம் திறப்பது 7.30க்கு. இடைப்பட்ட இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்குக் குளிக்க, உடுப்பு மாற்ற, ஒரு கோப்பை பிளேன்ரீ குடிக்க இடம் வேண்டும். நாள் முழுவதற்கும் அறை எடுக்கத் தேவையில்லை, அதிகாலை 4.30 முதல் 8.00 வரை திறந்து தருமாறு ஒரு விடுதியிலோ சமய நிறுவன மண்டபத்திலோ ஒழுங்கு செய்தால் போதும். கோட்டை ரயில் நிலைய வாசலிலும் வெள்ளவத்தையிலும் கொழும்புக் கிளையைச் சேர்ந்த இருவர் இருவராகப் பெயர்ப்பலகையோடு நிற்கட்டும். ஒருவருக்குச் சிங்களமும் ஒருவருக்குத் தமிழும் சரளமாக வரவேண்டும்.

மலையகத்திலிருந்து அதிகாலை பஸ்ஸில் வருபவர்கள் 9 மணிக்கு முந்தி வருவது அரிது. ஆகவே முதல் வாக்கெடுப்பை 10க்கு முன் வைக்காதீர்கள். திரும்பும் இரவு ரயில்களுக்கு முற்பதிவு திறக்கும் நாளிலேயே ஆசனம் எடுத்துவிடவேண்டும். பின்னேரம் 3.30க்குக் கூட்டம் முடிந்தாகவேண்டியதற்கு உண்மையான காரணம் அதுதான். 4 மணிக்குப் பிறகு நடக்கும் வாக்கெடுப்பு கொழும்புக்காரரின் வாக்கெடுப்பு.

இரண்டு மொழியில் கூட்டம் நடத்துவது எப்படி?

பணமிருந்தால் உடனடி மொழிபெயர்ப்புக் கூடமும் செவிக்கருவிகளும். ஒரு மொழிச் சோடிக்கு இருவர், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். ஒருவரை நாள் முழுக்க இருத்தினால் மதியத்துக்குப் பின் கேட்பது மொழிபெயர்ப்பு அல்ல, சுருக்கம். கணக்கறிக்கையையும் பிரேரணைகளையும் அவர்களுக்கு ஒரு வாரம் முன்னரே கொடுங்கள். செவிக்கருவிக்குப் பிணையாக அடையாள அட்டையை வாங்காதீர்கள். பின்னேர அவசரத்தில் கருவி மேசையில் கிடக்கும், அட்டை பெட்டியில் கிடக்கும், ஆள் வவுனியா தாண்டியிருப்பார். பேராளர் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

பணமில்லாவிட்டால் பந்தி பந்தியாக மாறி மாறிச் சொல்லவேண்டும். அப்போது ஒவ்வொரு விடயத்துக்கும் இரட்டிப்பு நேரம் போடுங்கள்.

சொற்களில் பொறிகள் உண்டு. சிங்களத்தில் 'யோஜனாவ' என்றால் பிரேரணை. தமிழில் 'யோசனை' என்று அப்படியே சொல்லிவிட்டால் யாரோ ஒருவரின் எண்ணம் என்றுதான் தமிழ்ப் பேராளர் எடுத்துக்கொள்வார். தலைவி 'சம்மதய்' என்று அறிவித்தால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று பொருள். தமிழ்க் காதுக்குச் சம்மதமா என்று கேட்பதுபோல் படும், கையை உயர்த்துவார்கள். இப்படியான பத்துப் பன்னிரண்டு சொற்களை இரு மொழியிலும் ஒரு தாளில் அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். எந்தப் பிரேரணையும் இரு மொழியிலும் முழுதாக வாசித்து, திரையிலும் காட்டிய பிறகே வாக்கெடுப்பு.

கிளையிலிருந்து பிரேரணை அனுப்பும் முறை எங்கிருந்து வந்தது?

1897 இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்டோனி கிரீக் என்ற இடத்தில் தொடங்கிய மாதர் நிலைய இயக்கத்திலிருந்து. அது 1915 இல் வேல்ஸுக்கு வந்து பிரித்தானியா முழுதும் பரவியது. இங்கே அதை 1930 இல் லங்கா மகிளா சமித்தியாக உருவாக்கியவர் மருத்துவர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழரை மணந்து, கொழும்பில் வாழ்ந்தவர். 1958 இல் பிலிப்பைன்ஸின் மக்சேசே விருது பெற்றவர். பிரித்தானிய மாதர் நிலையங்களின் கூட்டமைப்பு 1954 இல் நடத்திய ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேறிய குப்பைகூளம் பற்றிய ஒரு பிரேரணையிலிருந்துதான் நாட்டைத் துப்புரவாக வைத்திருக்கும் அந்நாட்டுப் பெரும் இயக்கம் பிறந்தது. கிளையில் எழுதும் நாலு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைச் சொல்வதுண்டு.

நல்ல பிரேரணையை எப்படி எழுதுவது?

வரும் பிரேரணைகளில் பாதி இப்படி இருக்கும்: "பெண்களின் பயணப் பாதுகாப்பை உறுதிசெய்ய அரசு உடனடி நடவடிக்கை எடுக்கவேண்டும்." ஒருவரும் எதிர்க்கமாட்டார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யவும் மாட்டார்கள். அரசில் யார், எதை என்று கேட்டுத் திருத்தினால் இப்படி வரும்:

"மாகாணங்களுக்கிடையிலான இரவுநேர பஸ்களைச் சாப்பாட்டுக்காக நிறுத்தும் இடங்களில் பெண்களுக்குப் பூட்டும் வெளிச்சமும் தண்ணீரும் உள்ள தனிக் கழிவறை இருக்கவேண்டும் என்பதை வழி அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குமாறு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவைக் கோருவதற்கும், ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள நிறுத்துமிடங்களை 3 மாதத்துக்குள் நேரில் பார்த்துப் பட்டியலிடுவதற்கும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது."

இதில் கேட்கப்படுபவர் ஒருவர், கேட்பது ஒன்று, நாம் செய்யவேண்டியதும் ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லாத பிரேரணை வெறும் கடிதம். ஆளை மாற்றி எழுதிவிடவும்கூடாது: மாகாணத்துக்குள் ஓடும் பஸ் மாகாண அதிகாரசபையின் பொறுப்பு. அதைத் தேசிய ஆணைக்குழுவிடம் கேட்டால் 'எமது விடயப்பரப்பு அல்ல' என்று ஒரு வரியில் பதில் வரும், ஒரு வருடம் போய்விடும்.

ஆதாரம் வேண்டுமென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். அந்தப் பதிலைப் பின்னிணைப்பாகக் கொண்டுவரும் பிரேரணையை, வந்தவற்றைத் தெரிந்தெடுக்கும் தெரிவுக்குழு ஒதுக்குவது கடினம்.

ஒரே விடயத்தில் நாலு கிளை எழுதியிருந்தால் குழு அவற்றை ஒன்றாக்கலாம். ஆனால் ஒன்றாக்கிய வாசகத்தை நாலு கிளைக்கும் காட்டிச் சம்மதம் பெறவேண்டும். நுண்கடன் பற்றி வரும் பிரேரணைகளில் இதுதான் சண்டை: ஒரு கிளை வட்டிக்கு உச்சவரம்பு கேட்கும், இன்னொன்று கடனையே தள்ளுபடி செய்யக் கேட்கும். இரண்டையும் இணைத்து 'நிவாரணம்' என்று எழுதினால் இரண்டு கிளையும் தங்கள் பிரேரணையைக் காணாமல் தேடும்.

பேச எவ்வளவு நேரம்?

பிரேரிப்பவருக்கு 5 நிமிடம், ஆமோதிப்பவருக்கு 3, மற்றவர்களுக்கு 2, கடைசியில் பிரேரித்தவர் பதில் சொல்ல 2. ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு மணி, முடிந்ததும் இரண்டு மணி, பிறகு ஒலிவாங்கி நிறுத்தம். இது மேடையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆதரவு ஒலிவாங்கி ஒரு பக்கம், எதிர்ப்பு ஒலிவாங்கி மறுபக்கம் என்று வைத்தால் தலைவி மாறி மாறி அழைக்கலாம். எந்தப் பக்கம் ஆள் முடிந்ததென்று எல்லாருக்கும் தெரியும்.

கிளை சொன்னபடிதான் பேராளர் வாக்களிக்கவேண்டுமா?

கிளை எப்படி அனுப்பியதோ அப்படி. கட்டாயமாக இப்படித்தான் என்று தீர்மானித்து அனுப்பலாம். கேட்டு முடிவெடுங்கள் என்றும் அனுப்பலாம். இரண்டாவதே நல்லது, ஏனென்றால் சபையில் திருத்தம் வந்தால் கிளை பார்த்த வாசகம் அதுவாக இராது. எப்படியென்றாலும் கிளைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். திரும்பிப் போனதும் "நீங்க ஏன் அப்பிடிக் கை தூக்கினீங்கள்?" என்ற கேள்விக்குப் பேராளர் தனியே பதில் சொல்லும்படி விடக்கூடாது.

வாக்கெண்ணுவதில் எங்கே பிழைக்கிறது?

பிரேரணைகளுக்கு அட்டையை உயர்த்தி வாக்கு. அட்டை ஒரு பாடப்புத்தக அளவிலாவது, எடுப்பான நிறத்தில், எண்ணோடு இருக்கவேண்டும். கதிரைகளை 50 பேர் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மாவட்டத்தவர் இருவர், தனித்தனியே எண்ணி, தனித்தனித் தாளில் எழுதவேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எண்ணினால் சரி. வாய்விட்டு எண்ணக்கூடாது, பக்கத்துப் பகுதிக்காரருக்குக் கணக்கு குழம்பும்.

பெரும்பான்மை எதில் என்பது அடுத்த சிக்கல். 200 பேர் இருக்கிறார்கள். ஆதரவு 90, எதிர்ப்பு 80, வாக்களியாதவர் 30. அளித்த வாக்குகளில் பெரும்பான்மை என்று யாப்பு சொன்னால் நிறைவேறியது. சமுகமளித்தோரில் பெரும்பான்மை என்றால் 101 வேண்டும், தோற்றது. மூன்றில் இரண்டு தேவைப்படும் யாப்புத் திருத்தத்துக்கும் இதே பிரச்சினை: அளித்த 170 வாக்கில் 114, சமுகமளித்த 200 பேரில் 134. எது என்று தலைவி வாக்கெடுப்புக்கு முன்னரே சொல்லவேண்டும். எண்ணிய பிறகு சொன்னால் நேர்மையாகச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நிர்வாகத் தெரிவு இரகசிய வாக்குச்சீட்டில். பெயர்கள் இரு மொழியிலும் இருக்கவேண்டும். அகரவரிசை வேண்டாம், சிங்கள வரிசையும் தமிழ் வரிசையும் ஒத்துப்போகாது. சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள். அடையாளம் புள்ளடி. எத்தனை பேருக்குப் போடலாம் என்பது சீட்டின் தலைப்பில் பெரிதாக. கூடுதலாகப் போட்டது, கையெழுத்து வைத்தது, ஒன்றும் போடாதது செல்லாது. வேட்பாளரின் கிளையைச் சேர்ந்தவர் எண்ணும் மேசையில் இருக்கக்கூடாது.

கோரம் (கூட்டம் செல்ல இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இல்லாவிட்டால்?

அரை மணித்தியாலம் காத்திருந்து, யாப்பில் உள்ளபடி ஒத்திவைப்பது. காலையில் கோரம் இல்லாமல் போவது அரிது. போவது சாப்பாட்டுக்குப் பிறகு, புறக்கோட்டைக் கடைகள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும்போது. ஆகவே யாப்புத் திருத்தமும் நிர்வாகத் தெரிவின் வாக்களிப்பும் மதியத்துக்கு முன். எண்ணுவது சாப்பாட்டு நேரத்தில் நடக்கட்டும், முடிவு கடைசியில் வரட்டும். முடிவு தெரியவேண்டி ஆட்கள் இருப்பார்கள்.

கணக்கறிக்கையில் எதைப் பார்ப்பது?

போன வருட எண் பக்கத்தில் இருக்கிறதா, திட்டங்களுக்கென்று வந்த காசும் சந்தாக் காசும் வேறு வேறாகக் காட்டப்பட்டிருக்கிறதா, கையிருப்புக் காசு ஏன் அவ்வளவு, கணக்காய்வாளர் இன்னதை ஏற்கமுடியாது என்று ஏதேனும் விலக்குக் குறிப்பு எழுதியிருக்கிறாரா. இந்த நாலும் போதும். விரிவான கேள்வியென்றால் 7 நாள் முந்தி எழுத்தில் கொடுத்தால் பொருளாளர் பற்றுச்சீட்டோடு வருவார்.

அமைச்சரைப் பிரதம விருந்தினராக அழைக்கலாமா?

அழைக்கலாம், 10 நிமிடத்துக்கு, மதியத்துக்குப் பிறகு. காலையில் அழைத்தால் அவர் வரும்வரை கூட்டம் காத்திருக்கும். 10 மணியென்றவர் 11.20க்கு வருவார். எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். 2000 ஜூனில் லண்டன் வெம்பிளி அரங்கில் பிரித்தானிய மாதர் நிலையங்களின் கூட்டத்தில் பிரதமர் டோனி பிளேயர் பேசியபோது, இது கட்சிப் பேச்சு என்று பட்டதும் சபையில் இருந்த பெண்கள் மெதுவாகக் கைதட்டியே அவரைத் தடுமாறவைத்தார்கள். நம் சபைகள் அவ்வளவு துணிவதில்லை, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். போவது பிரேரணை நேரம்.

பிரதேச சபை உறுப்பினராக உள்ள அங்கத்தவர் நிர்வாகத்துக்கு நிற்கலாமா?

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த பின் அடிக்கடி எழும் கேள்வி இது. யாப்பு தடுக்காவிட்டால் நிற்கலாம். வேட்புமனுவில் கட்சியையும் பதவியையும் குறிப்பிடவேண்டும். தேர்தல் காலத்தில் சங்கப் பெயரில் மேடையேறக்கூடாது என்ற விதியை யாப்பில் சேர்ப்பது நல்லது.

சாப்பாடு?

மரக்கறிப் பார்சலும் ஹலால் கோழிப் பார்சலும். தனித்தனி நிற நாடா கட்டி, தனித்தனி மேசையில். மரக்கறிக்குப் பதிந்தவர்களை விட 15 வீதம் கூடுதலாகச் சொல்லுங்கள். பதியும்போது கோழி என்றவர்கள் அன்றைக்கு விரதம் என்பது நினைவுக்கு வந்து மாறுவார்கள், மறுபக்கம் மாறுபவர் குறைவு. இரவு பஸ்ஸில் வந்தவர்களுக்குக் காலையில் பணிஸ் போதாது, இடியப்பமோ ரொட்டியோ வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு என்ன?

நிறைவேறிய தீர்மானங்களின் வாசகமும் வாக்கு எண்ணிக்கையும் 3 நாளுக்குள் எல்லாக் கிளைக்கும் இரு மொழியிலும் போகவேண்டும். முழுக் கூட்டக் குறிப்பு 30 நாளுக்குள். உரிய நிறுவனங்களுக்கான கடிதங்கள் பதிவுத் தபாலில். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. பதில் தேநீர் மேசைப் பேச்சாக, தொலைபேசியில் வந்தால், 'இன்ன திகதி நீங்கள் தெரிவித்தபடி' என்று திருப்பி எழுதிக் கோப்பில் வையுங்கள்.

பேராளர் கிளைக்குக் கொண்டுபோகவேண்டியது ஒரு பக்கம்: எந்தப் பிரேரணைக்கு எப்படி வாக்களித்தேன், ஏன், கிளை செய்யவேண்டியது எது, எந்தத் திகதிக்குள். அதை ரயிலிலேயே எழுதிவிடுபவர்கள் உண்டு. ஒரு வாரம் தாமதித்தால் ஆமோதித்தது யார் என்பதே மறந்துவிடும்.